பயிற்சி பெற்றவனும் பக்கத்து வீட்டுக்காரனும்

தொழிற் பயிற்சித் திட்டங்களைப் பற்றிச் சர்க்கார் வெளியிடும் அறிக்கைகளில் இரண்டு எண்கள் தவறாமல் இடம் பெறுகின்றன. இத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்பது ஒன்று. அவர்களில் இத்தனை பேர் வேலையில் அமர்ந்தார்கள் என்பது மற்றொன்று. இவ்வெண்கள் மெய்தானா என்று சட்டசபையில் எதிர்க்கட்சியினர் கேட்பார்கள். மெய்தான் என்று மந்திரி பதிலளிப்பார். அத்துடன் விவாதம் முடிந்துவிடும். எண்கள் பொய்யாயிருப்பின் அது கண்டிக்கத்தக்கதே. ஆனால் அவை முழுக்க முழுக்க மெய்யாயிருந்தாலும், அவற்றைக் கொண்டு தேசத்துக்கு என்ன நன்மை விளைந்தது என்று நிர்ணயிக்க முடியாது என்பதே நமது அபிப்பிராயம். பயிற்சி பெற்ற பையனுக்கு அடுத்த வீட்டில், பயிற்சியில் இடம் கிடைக்காத பையன் ஒருவன் இருக்கிறான். அவன் கதி என்ன ஆயிற்று? இந்தக் கேள்விக்கு எந்த அறிக்கையிலும் ஒரு கட்டம்கூட ஒதுக்கப்படுவதில்லை.

உதாரணத்துக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் வேலை தேடும் இளைஞர்கள் நூறு பேர். அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் ஆண்டுக்கு நாற்பது இடங்கள் காலியாகின்றன. சர்க்கார் அந்த நூறு பேரில் ஐம்பது பேருக்குப் பயிற்சி அளிக்கிறது. மற்ற ஐம்பது பேரை அப்படியே விட்டுவிடுகிறது. ஆண்டு முடிவில் பயிற்சி பெற்றவர்களில் இருபத்தைந்து பேருக்கும், பெறாதவர்களில் பதினைந்து பேருக்கும் வேலை கிடைத்திருக்கிறது. திட்ட அதிகாரி இவ்விரண்டையும் ஒப்பிட்டு, பயிற்சியினால் பத்துப் பேருக்கு அதிகமாக வேலை கிடைத்தது என்று எழுதுவார். அவர் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. ஆனால் பயிற்சியே நடைபெறாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த ஐம்பதில் இருபது பேருக்கும் அந்த ஐம்பதில் இருபது பேருக்கும் வேலை கிடைத்திருக்கும். மொத்தம் அதே நாற்பதுதான். ஒரு தட்டிலிருந்து ஐந்து பேரை எடுத்து மற்றொரு தட்டில் வைத்தார்கள். துலாக்கோலின் முள் பத்து என்று காட்டிவிட்டது. உண்மையில் ஊருக்கு வந்து சேர்ந்த புதிய வேலை ஒன்றுமில்லை.

இவ்வாறு நடக்கக்கூடும் என்பது பொருளாதார சாஸ்திரிகளுக்குப் புதிய செய்தியன்று. நடக்கிறதா, எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதை அளந்து பார்ப்பதுதான் கடினமாயிருந்தது. அந்த வேலையைப் பிரான்ஸ் தேசத்தில் செய்து காட்டினார்கள். 2007ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சர்க்கார், படித்துவிட்டு நெடுநாள் வேலையின்றி இருக்கும் முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு வேலை தேடிக்கொள்ள உதவும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. தனியார் நிலையங்கள் அந்த இளைஞர்களுக்கு வழிகாட்டி, விண்ணப்பம் எழுதக் கற்பித்து, வேலையில் அமரும் வரை கூடவே நின்றன. நிலையங்களுக்குரிய கூலியில் ஒரு பகுதியே முன்னால் கொடுக்கப்பட்டது. மிச்சம், இளைஞனுக்கு வேலை கிடைத்த பின்னரும், அந்த வேலை ஆறு மாதம் நிலைத்த பின்னரும்தான். இதைக் கைத்தொழிற் பயிற்சி என்று சொல்லிவிட முடியாது. வேலை தேடும் பயிற்சி என்றே சொல்ல வேண்டும். ஆயினும் நாம் எழுப்பும் கேள்விக்கு இரண்டும் ஒன்றே. இரண்டும் ஒருவனைச் சந்தையில் மற்றவனைவிட முன்னே நிறுத்துகின்றன.

புரூனோ கிரெபோன், எஸ்தர் டூஃப்லோ முதலிய ஐந்து ஆராய்ச்சியாளர்கள் இந்தத் திட்டத்தைச் சோதித்த முறை கவனிக்கத்தக்கது. அவர்கள் ஒரே ஊருக்குள் மாத்திரம் சீட்டுக் குலுக்கவில்லை. தேசத்தில் 235 வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ ஒத்த தன்மையுள்ளவற்றை ஐந்தைந்தாகச் சேர்த்து 47 தொகுதிகளாக்கினார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு வட்டாரத்தில் தகுதியுள்ளவர்களில் ஒருவருக்கும் உதவி இல்லை. ஒன்றில் நூற்றுக்கு 25 பேருக்கு. பிறவற்றில் 50, 75, 100 பேருக்கு. எந்த வட்டாரத்துக்கு எது என்பதும் சீட்டின்படியே. நம் நாட்டில் ஒரு தாலூகாவுக்கு ஒன்றுமில்லை என்று சீட்டு விழுந்தால் மறுநாள் அங்கே கடையடைப்பு நடக்கும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்த ஒன்றுமில்லாத வட்டாரம் இருந்தபடியால்தான் பக்கத்து வீட்டுக்காரனின் கதியை அளக்க முடிந்தது. உதவி பெறாதவர்கள் இருவகையினர்: எவருக்குமே உதவி கிடைக்காத ஊரில் உள்ளவர்கள் ஒரு வகை, உதவி பெற்றவர்களுக்கு நடுவே வாழ்கிறவர்கள் மற்றொரு வகை. இவ்விரு வகையினரில் இரண்டாமவர் பின்தங்கினார்களானால், அவர்களைப் பின்தள்ளியது எது என்பது வெளிப்படை.

2013இல் வெளியான அந்த ஆராய்ச்சியின் முடிவு திட்டக்காரர்களுக்கு இனிப்பானதன்று. எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, உதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நிலையான வேலைகளை அதிகமாகப் பெற்றிருந்தார்கள். ஆனால் அந்த அனுகூலம் நீடிக்கவில்லை. அதன் ஒரு பகுதி, உதவி கிடைக்காத அண்டை வீட்டாரின் செலவிலே வந்தது என்பதும் தெரிந்தது. படித்தவர்கள் பெரும்பாலும் படித்தவர்களுடனேயே போட்டியிடும் துறைகளிலும், வேலைச் சந்தை மந்தமாயிருந்த வட்டாரங்களிலும் இந்தப் பாதிப்பு கடுமையாயிருந்தது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் திட்டத்தின் நிகர லாபம் மிகச் சொற்பம் என்று அவர்கள் முடிவு கூறினர். அவர்களுள் ஒருவரான டூஃப்லோ, நமது நாட்டவரான அபிஜித் பானர்ஜியுடனும் மைக்கேல் கிரெமருடனும் 2019இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றவர். டென்மார்க்கில் நடந்த இத்தகைய சோதனையை ஆராய்ந்த வேறு சிலரும், உதவி வழங்கப்பட்ட பிரதேசங்களில் உதவி பெறாதவர்கள் வேலை பெறச் சற்று அதிக காலம் பிடித்தது என்றே கண்டனர்.

எல்லா இடத்திலும் இப்படியேதான் என்று வாதிப்பது நமது நோக்கமன்று. பிரிட்டனில் 1998இல் இளைஞர்களுக்காக ஏற்பட்ட திட்டத்தைப் பரிசீலித்தவர்கள், அண்டையார் குறிப்பிடத்தக்கபடி தள்ளப்பட்டதற்கு அடையாளம் காணவில்லை. அக்காலத்தில் அங்கே தொழில்கள் வளர்ந்துகொண்டிருந்தன. ஆட்களுக்குத் தேவை இருந்தது. நாம் கவனிக்கவேண்டிய விஷயம் இதுவே. பந்தியில் இலை நிறைய விரித்திருக்கும்போது, ஒருவனை முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தால் மற்றவனுக்கு நஷ்டமில்லை. இலைகள் எண்ணி விரிக்கப்பட்ட பந்தியில் அதுவே அடுத்தவனை எழுப்பிவிடுவதாகும்.

நமது தேசத்தில் விரிக்கப்பட்டுள்ள இலைகள் எத்தனை? 2009ஆம் ஆண்டுத் திறன் வளர்ச்சிக் கொள்கை, 2022க்குள் 50 கோடிப் பேருக்குப் பயிற்சி என்று முழங்கிற்று. 2015இல் வேறு சர்க்கார் வேறு கொள்கை வகுத்து, ஏறத்தாழ 40 கோடி என்று அதைத் திருத்தியது. அவ்வாண்டு ஜூலை 15ஆம் தேதி பிரதம மந்திரியின் திறன் வளர்ச்சித் திட்டம் ஆரம்பமாயிற்று. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2022 மார்ச் முதல் தேதி 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. கட்சி எதுவாயினும் நம்பிக்கை ஒன்றே: பயிற்சி கொடுத்தால் வேலை தானே வரும் என்பது. வளர்ந்துவரும் நாடுகளில் நடந்த இத்தகைய திட்டங்களின் மதிப்பீடுகளை எல்லாம் திரட்டி டேவிட் மெக்கன்ஸி என்பவர் 2017இல் எழுதிய ஆய்வுரை, தொழிற் பயிற்சி அளிக்கப்பட்ட நூறு பேரில் அப்பயிற்சியினாலேயே வேலை பெற்றவர்கள் மூவருக்கும் குறைவு என்று காட்டிற்று. அந்த மூவரில் எத்தனை பேர் அண்டை வீட்டுக்காரனின் இடத்தில் அமர்ந்தவர்கள் என்பதை அந்த மதிப்பீடுகளில் பெரும்பாலானவை விசாரிக்கவே இல்லை.

சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் டில்லியிலுள்ள ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் இந்திய இளைஞர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே வேலையின்மை நூற்றுக்கு 3.4, பட்டதாரிகளிடையே 29.1. எழுத்தறியாதவன் சும்மா இருக்க வசதியற்றவன், எந்தக் கூலிக்கும் போகிறான் என்பது இதற்கு ஒரு காரணம். அது எப்படியாயினும், படித்தவன் படித்தவனோடு மோதிக்கொள்ளும் மந்தமான சந்தை என்று பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் எதை வர்ணித்தார்களோ, அதுவே நம் கண்முன் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நான்காம் தொகுதித் தேர்வுக்கு 6,244 இடங்களை அறிவித்தது. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். இடங்கள் பின்னர் சில ஆயிரம் கூட்டப்பட்டன என்றாலும் விகிதம் அதிகம் மாறிவிடவில்லை. இந்தத் தேர்வுக்கு ஜில்லா வேலைவாய்ப்பு அலுவலகங்களிலுள்ள தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவச வகுப்புகள் நடைபெறுகின்றன. தனியார் நடத்தும் வகுப்புகளுக்கோ கணக்கில்லை. அத்தனை வகுப்புகளும் சேர்ந்து ஓர் இளநிலை உதவியாளர் பதவியையாவது அதிகமாக்க முடியுமா? முடியாது. யார் பெயர் பட்டியலில் மேலே வருகிறது என்பதை மாத்திரமே அவை மாற்றும்.

இங்கே நாம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். வரிசையை மாற்றுவது வீணான காரியம் என்று நாம் சொல்லவில்லை. பணமுள்ள வீட்டுப் பிள்ளை சென்னையில் அறை எடுத்துத் தங்கிப் பணம் கட்டிப் படிக்கிறான். கூலிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அலுவலக நூலகமும் இலவச வகுப்புமே கதி. அந்த வகுப்பினால் அவள் அவனை முந்துவாளானால் அது நியாயமே, வரவேற்கத்தக்கதே. தலைமுறை தலைமுறையாக வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்டவர்களை முன்னே கொண்டுவருவது தேசிய இயக்கத்தின் பழைய கடமைகளுள் ஒன்று. ஆனால் அதற்கு நியாயப் பங்கீடு என்று பெயர். வேலை பெருக்குதல் என்று அதற்குப் பெயரிட்டு, பங்கீட்டுக்காகச் செலவான பணத்தை வேலை பெருக்கியதாகக் கணக்கெழுதுவதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம். பங்கீடுதான் நோக்கமென்றால் பயிற்சியில் இடம் யாருக்கு முதலில் என்ற கேள்வி பிறக்கும். பயிற்சி நிலையங்களோ, வேலையில் அமர்ந்தோர் எண்ணிக்கையைக் காட்டவேண்டி, எப்படியும் வேலை பெற்றுவிடக்கூடிய சூட்டிகையான பிள்ளைகளையே பொறுக்கிச் சேர்த்துக்கொள்ள ஆசைப்படும். ஆகவே பங்கீடும் நடவாமல் பெருக்கமும் நடவாமல் போகிறது.

பயிற்சியினால் அண்டையாருக்கும் நன்மை வருவது எப்போது? தையற் கலையையே எடுத்துக்கொள்வோம். ஒரு சிற்றூரில் ரவிக்கை தைக்கவும் கால்சட்டை சுருக்கவும் இரண்டு தையற்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே இருபது பெண்களுக்குத் தையல் கற்பித்து ஆளுக்கொரு இயந்திரமும் கொடுத்தால், ஊரார் உடுத்தும் துணி இருபது பங்கு பெருகிவிடப் போவதில்லை. இருந்த வேலையை இருபத்திரண்டு பேர் பங்கிட்டுக்கொள்வார்கள். தையற் கூலி இறங்கும். பழைய தையற்காரர் இருவரும் கட்டட வேலைக்குப் போவார்கள். புதிய இயந்திரங்களில் பல, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மாத்திரம் ஓடும். அதே இருபது பெண்களில் போகக்கூடியவர்கள் திருப்பூருக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அயல்நாட்டு ஆர்டர் கையில் இருந்தும் தைக்க ஆளில்லாமல் இயந்திரம் நிற்கும் காலங்கள் உண்டு; பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வந்து வேலை செய்யும் ஊர் அது. அங்கே தைக்கத் தெரிந்த ஒருத்தி அமர்ந்தால், துணி வெட்டுகிறவன், பிசிறு கத்தரிக்கிறவள், இஸ்திரி போடுகிறவன், பெட்டியில் அடுக்குகிறவள் ஆகிய அத்தனை பேருக்கும் வேலை கூடுகிறது. ஊசி ஒன்றே, பயிற்சியும் ஒன்றே. ஓரிடத்தில் அது அண்டை வீட்டுக்காரரின் சோற்றைப் பிடுங்குகிறது. மற்றோரிடத்தில் அவருக்கும் சோறு போடுகிறது. வித்தியாசம் பயிற்சியில் இல்லை, சந்தையில் இருக்கிறது.

இந்த உண்மையை நமது தேசிய இயக்கம் அறியாததன்று. 1925இல் அமைக்கப்பட்ட அகில பாரதச் சர்க்கா சங்கம் நூற்கக் கற்றுக் கொடுத்ததோடு நிற்கவில்லை. பஞ்சு கொடுத்தது, நூலை வாங்கியது, நெய்வித்தது, துணியை விற்க நாடெங்கும் கடை வைத்தது. கதர் வாங்கும்படி ஜனங்களை வேண்டித் தெருத் தெருவாகச் சென்றது. ஒரு கிராமத்தில் பத்துப் பெண்கள் நூற்கக் கற்றால் அதனால் பதினோராவது பெண்ணின் கூலி குறையவில்லை. நெசவாளிக்குப் பாவும் ஊடும் கிடைத்தன. கதரின் பொருளாதாரத்தைப் பற்றி எத்தனையோ தர்க்கங்கள் உண்டு. அவற்றில் நாம் இப்போது புகவில்லை. கற்பிப்பவனே விலைபோகும் வழியையும் தேடவேண்டும் என்ற பொறுப்புணர்ச்சி அன்று இருந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

பழைய காலத்தை விட்டு அண்மைக் காலத்துக்கு வந்தாலும் சான்று இருக்கிறது. பிரிவினைக்கு முன்பிருந்த ஆந்திரப் பிரதேசத்தில், 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி நடைபெற்ற கிராம வேலை உறுதித் திட்டத்தின் கூலியைக் களவின்றித் தொழிலாளரிடம் சேர்க்கும் அட்டை முறையை 157 மண்டலங்களில் சீட்டின்படி முன்னும் பின்னுமாகப் புகுத்தினார்கள். கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோர் அதை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட கட்டுரை வியப்பளிப்பது. முறை ஒழுங்கான மண்டலங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் உயர்ந்தது. உயர்ந்த வருமானத்தில் மிகப் பெரும் பகுதி சர்க்கார் வேலையிலிருந்து வரவில்லை, வெளி வேலைகளிலிருந்தே வந்தது. சர்க்கார் வேலை ஒழுங்காகக் கிடைக்கிறது என்று ஆனவுடன், நிலச் சொந்தக்காரரும் கூலியை உயர்த்தவேண்டியதாயிற்று. அப்படி உயர்த்தியும் வெளி வேலை சுருங்கவில்லை, பெருகவே செய்தது. அங்கே அடுத்த வீட்டுக்காரன் தள்ளப்படவில்லை, தூக்கிவிடப்பட்டான். பயிற்சிக் கொள்கையை வகுப்போர் இவ்விரண்டு அநுபவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நலம்.

திறமையுள்ள தொழிலாளர் இருக்கும் இடத்தைத் தேடி முதலாளிகள் வருவார்கள். ஆகவே முதலில் பயிற்சி, பிறகு தொழில் என்று சொல்வாருண்டு. இதில் ஓரளவு உண்மை இருப்பதை நாம் மறுக்கவில்லை. கோயமுத்தூரில் பம்புத் தொழில் வளர்ந்ததற்கு அங்குள்ள பட்டறைகளில் கைபழகியவர்கள் கிடைத்தது ஒரு காரணமே. ஆனால் அந்தக் கைப்பழக்கம் பட்டறையிலே, வேலை நடக்கும்போதே வந்தது. மூன்று மாத வகுப்பிலும் ஒரு சர்டிபிகேட்டிலும் வந்ததன்று. பயிற்சி பெற்றவர்கள் சந்தையில் மலிந்து, தொழில் மாத்திரம் வராமலிருந்தால் நேர்வது வேறு. முன்பு பத்தாவது படித்தவனை எடுத்துக்கொண்ட முதலாளி இப்போது சர்டிபிகேட் எங்கே என்று கேட்பான். வேலை அதேதான், சம்பளமும் அதேதான், வாசற்படி மாத்திரம் உயர்ந்திருக்கும். அடுத்த வீட்டுப் பையன் அந்தப் படியில் தடுக்கி விழுவான். அவன் சோம்பேறியுமல்லன், மூடனுமல்லன். பயிற்சி வகுப்பில் முப்பது இடங்கள் இருந்தன, அவன் முப்பத்தோராவது ஆள், அவ்வளவுதான்.

ஆகவே சர்க்காரிடம் நாம் கோருவது அதிகமன்று. எந்தத் திட்டமும் ஒரே நாளில் எல்லாத் தாலூகாக்களுக்கும் போய்ச் சேருவதில்லை; சில முன்னும் சில பின்னுமாகவே சேருகின்றன. மந்திரிகளின் தொகுதி, மாப்பிள்ளையின் தொகுதி என்று பார்க்காமல் அந்த வரிசையைச் சீட்டினால் தீர்மானித்தால், பிரான்சில் செய்த சோதனையைக் கூடுதல் செலவு அதிகமின்றியே இங்கும் செய்துவிடலாம். பயிற்சி பெற்றவர்களைப் பற்றி மாத்திரம் விசாரிக்காமல் அந்தத் தாலூகாவிலுள்ள வேலை தேடுவோர் அனைவரையும் பற்றி விசாரிக்க வேண்டும். ஒரு கம்பெனி தனக்கு வேண்டிய ஆட்களைத் தானே பழக்கிக்கொள்ள 1961ஆம் ஆண்டிலிருந்தே தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. அப்படியிருக்க, எப்படியும் நிரப்பியே தீரவேண்டிய இடத்துக்கு ஆள் பழக்கித் தரும் செலவைப் பொது ஜனங்களின் தலையில் கட்டுவானேன்? அந்தப் பணம் புதிதாக ஒரு பட்டறையோ, குளிர்பதனக் கிடங்கோ, நெசவாளர் சொஸைட்டிக்கு ஒரு சாயச்சாலையோ வைக்கப் போகட்டும். அங்கே வேண்டிய ஆட்களுக்குப் பயிற்சியும் அத்துடன் சேர்ந்து நடக்கட்டும்.

தேச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சி நிலையத்தில் நம் ஊர்ப் பிள்ளைக்கு ஓர் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்தப் பிள்ளையின் தகப்பனார் நம்மைக் கண்டு கும்பிடுகிறார்; அடுத்த வீட்டுக்காரர் தம் மகன் ஏன் பின்தங்கினான் என்பதையே அறியமாட்டார், ஆகையால் நம்மை நோவதுமில்லை. இந்த வசதிதான் நம்மை மயக்குகிறது. அடுத்த கிராம சபையில் திட்ட அதிகாரி வந்து, பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்தவர்களின் பட்டியலை வாசிக்கும்போது ஊழியர்கள் எழுந்து, அதே தெருவில் விண்ணப்பம் போட்டு இடம் கிடைக்காதவர்களின் பட்டியலையும் வாசிக்கும்படி கேட்கட்டும். அவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள், போன வருஷம் செய்த வேலையை இந்த வருஷமும் செய்கிறார்களா, அவர்கள் இடத்தில் இப்போது யார் இருக்கிறார் என்று கேட்கட்டும். அதிகாரியிடம் அந்தப் பட்டியல் இல்லாவிட்டால், அந்தத் தெருவில் நடந்து வீடு வீடாக விசாரித்து எழுதிக்கொள்ள ஊழியர்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.